பத்துக்கு ரெண்டு

துணி துவைக்கும் மிஷின் செய்கிற கம்பெனி ஒன்றில், புகார் கேட்கும் பிரிவில் அவள் வேலை பார்த்தாள். அங்கே எல்லாரும் அவளைப் புகாரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் பிழைத்துக் கிடந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் கட்டடத்திலேயே எதற்கும் புகார் சொல்லாத ஒரே ஆள் அவள்தான். மேலே இருந்த ஏசி அவள் மேஜை மேல் தண்ணீர் சொட்டியது. வேறு யாராவதாக இருந்தால் மேனேஜரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பார்கள். அவள் மேஜையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டாள். அப்போதும் சொட்டியது. இன்னும் கொஞ்சம் தள்ளினாள். கடைசியில் மேஜை சுவரோடு போய் ஒட்டிக்கொண்டது. அதற்கப்புறம் அவள் மேல் சொட்டவில்லை. அவளைப் பொறுத்தவரை ஏசி சரியாகிவிட்டது.

வேலையில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. காலையில் வந்து உட்கார்ந்து ஹெட்போனை மாட்டினால், ஊரில் உள்ளவர்களின் கோபமெல்லாம் அந்தக் காது வழியாகத்தான் உள்ளே போகும். தண்ணீர் ஒழுகுகிறது. டிரம் சுற்ற மாட்டேன் என்கிறது. சுற்றினால் நிற்க மாட்டேன் என்கிறது. மிஷின் குதித்துக் குதித்துச் சமையலறை வரைக்கும் வந்துவிட்டது. சிலர் அழுவார்கள். சிலர் அவள் வம்சத்தையே இழுத்துத் திட்டுவார்கள். அவள் குரல் மட்டும் ஏறாது, இறங்காது. "புரியுதுங்க" என்பாள். திட்டி முடித்தவரே கடைசியில் "மன்னிச்சுக்கோம்மா" என்று சொல்லிவிட்டுப் போனை வைப்பதும் உண்டு.

ஆனால் அவளுடைய நிஜமான கெட்டிக்காரத்தனம் வேறு இடத்தில் இருந்தது. புகாரை முடிப்பதில். மெக்கானிக்குகள் கொஞ்சம், புகார்கள் தலைக்கு மேல். வந்ததெல்லாம் சாயங்காலத்துக்குள் முடிந்ததாகக் காட்டாவிட்டால் மேனேஜர் மாடியிலிருந்து இறங்கி வந்துவிடுவார். வாடிக்கையாளர் வாயிலிருந்து ஒரு 'சரி' விழுந்துவிட்டால் போதும், முடித்துவிடலாம். அந்தச் சரியை வாங்குவதில் அவள் கைதேர்ந்தவள்.

"மிஷின் இப்போ ஓடுதுங்களா?"

"ஓடுது, ஆனா அடியில தண்ணி..."

"ஓடுதுல்லங்க?"

"ஓடத்தான் செய்யுது."

"அப்போ இதை முடிச்சுக்கலாமா? மறுபடி ஏதாவதுன்னா கூப்பிடுங்க, நான் இருக்கேன்."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு வரும். அப்புறம், "சரி."

அது எந்தச் சரி என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அலுத்துப்போனவரின் சரி. மிஷினுக்கு அடியில் ஒரு பழந்துணியைப் போட்டுத் துடைத்துக்கொண்டு காலத்தை ஓட்டப் போகிறவரின் சரி. தெரிந்தும் முடிப்பாள். அதற்காக அவளைக் கெட்டவள் என்று சொல்லிவிடக் கூடாது, வேலை அப்படி. பேச்சு முடிந்ததும் பத்துக்கு எத்தனை மார்க் என்று கம்பெனி வாடிக்கையாளரைக் கேட்கும். புதிதாக வருகிற பெண்களுக்கு அந்த மார்க்கை எப்படிக் கறப்பது என்று சொல்லிக்கொடுப்பதும் புகாரம்மாதான். ஆகவே மார்க் என்பது எவ்வளவு பெரிய கண்துடைப்பு என்று அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

வீட்டிலும் அவளுக்கு ஒரு நிரந்தர வாடிக்கையாளர் இருந்தார். கணவர். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் பயிற்சியாளர். பிரேக் எது, கிளட்ச் எது என்று தெரியாதவர்கள் பக்கத்தில் நாள் முழுக்க உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டு வருகிறவர். அதனால் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவார். இடுப்பு பிடித்துக்கொண்டது, கழுத்து திரும்பவில்லை, டீயில் சூடு பத்தவில்லை. ஒரு தும்மல் வந்தால் தெருக்கோடி வரைக்கும் சேதி போகும். நல்ல மனுஷன்தான். வலித்தால் வலிக்கிறது என்று சொல்ல வெட்கப்படாத மனுஷன், அவ்வளவே. அவள் "புரியுதுங்க" என்று சொல்லித் தைலம் தேய்த்துவிடுவாள். அவளுக்கும் ஏதாவது வலிக்குமா என்று அவர் யோசித்ததில்லை. "அவளுக்கு இரும்பு உடம்பு" என்று கார் பழக வருகிறவர்களிடம்கூடப் பீற்றிக்கொள்வார்.

அந்த இரும்பு உடம்புக்குள் பித்தப்பை நிறையக் கல் இருந்தது. வலது விலாவுக்குக் கீழே அவ்வப்போது பிடுங்கி எடுக்கும். வாயு என்று அவளே கண்டுபிடித்து, அவளே அதை முடித்தும் விடுவாள். கடைசியில் ஒரு மத்தியானம், யாரோ ஒருவருக்குப் "புரியுதுங்க" என்று சொல்லிக்கொண்டே மேஜை மேல் சாய்ந்துவிட்டாள். பக்கத்து இருக்கைப் பெண் ஓடி வந்து ஹெட்போனைக் கழற்றினாள். அதற்குள்ளிருந்து அந்த ஆள் இன்னும் திட்டிக்கொண்டிருந்தாராம்.

ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் என்று சொல்லிவிட்டார்கள். அங்கே புதிதாக ஒரு பழக்கம் கொண்டுவந்திருந்தார்கள். ஆபரேஷனுக்கு முன்னாலேயே, அதற்கப்புறம் வரப்போகிற வலியைப் பற்றி நோயாளியோடு உட்கார்ந்து பேசுவது. மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர், கண்ணாடி போட்ட நடுத்தர வயதுப் பெண், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார்.

"முன்னெல்லாம் வலி தாங்காம கத்தினா ஒரு பலமான ஊசி போடுவோம்மா. ஆளு தூங்கிடுவார். முழிச்சா வாந்தி, மறுபடி வலி, மறுபடி ஊசி. இப்போ அப்படி இல்ல. வலி வர்றதுக்கு முன்னாடியே, நேரத்துக்கு நேரம், ரெண்டு மூணு வகை மருந்து கொஞ்சம் கொஞ்சமா குடுப்போம். அதோட, வயித்துச் சதைக்குள்ள நரம்பு ஓடுற இடத்துல ஒரு மெல்லிசு குழாய் வைப்போம். மரத்துப்போற மருந்து அது வழியா போய்க்கிட்டே இருக்கும். அதையும் மீறி வலிச்சா பலமான ஊசியும் இருக்கு. நீங்க கேட்டா போடுவோம்."

"சரிங்க டாக்டர்."

"ஒண்ணு முக்கியம். உள்ள எப்படி வலிக்குதுன்னு எங்களுக்குத் தெரியாது. நீங்கதான் சொல்லணும்."

"சரிங்க டாக்டர்."

அது எந்தச் சரி என்று டாக்டருக்குப் பிடிபடவில்லை. பாவம், அவர் புகார்ப் பிரிவில் வேலை பார்த்ததில்லை.

சின்னத் துளை போட்டுத்தான் ஆபரேஷனை ஆரம்பித்தார்கள். உள்ளே பித்தப்பை வீங்கி, பக்கத்தில் உள்ளதோடெல்லாம் ஒட்டிக் கிடந்ததால், விலாவுக்குக் கீழே ஒரு சாண் அளவுக்குத் திறக்க வேண்டியதாயிற்று. கண் விழித்தபோது அந்தப் பக்கம் மரத்துக் கிடந்தது. இடுப்புக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பையில் பந்து போல ஒரு புட்டி இருந்தது. பந்து சுருங்கச் சுருங்க மருந்து குழாய்க்குள் போகும் என்று நர்ஸ் காட்டினாள். பரவாயில்லையே, இவ்வளவுதானா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

மறுநாள் காலையில் அவளை எழுப்பி, உட்கார வைத்து, கைத்தாங்கலாகப் பிடித்து வராந்தா வரை நடத்திக்கொண்டு போனார்கள். திரும்பி வந்து படுத்ததிலிருந்து மரமரப்பு மெல்ல மெல்ல விலகியது. விலக விலக, வலி உள்ளே வந்து உட்கார்ந்தது. சும்மா படுத்திருந்தால் விலாவுக்கடியில் கத்தியை வைத்துவிட்டு மறந்துபோன மாதிரி இருந்தது. மூச்சு இழுத்தால் அந்தக் கத்தி திரும்பியது. அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். பாதி மூச்சோடு நிறுத்திக்கொள்வது. திரும்பாமல், புரளாமல், இருமல் வந்தால் விழுங்கிவிட்டு, மரக்கட்டையாகக் கிடப்பது. மேஜையைத் தள்ளிப் போட்டவளுக்கு இது ஒரு பெரிய காரியமா?

நர்ஸ் வந்து கேட்டாள். "வலி எப்படிம்மா இருக்கு? பத்துக்கு எவ்வளவு சொல்லுவீங்க?"

பத்துக்கா! புகாரம்மாவுக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. பூஜ்யம் என்றால் நம்ப மாட்டார்கள். அஞ்சு என்றால் கேள்வி கேட்பார்கள். எட்டு என்றால் ஆள் கூட்டி வருவார்கள்.

"ரெண்டு," என்றாள்.

நர்ஸ் சந்தோஷமாக எழுதிக்கொண்டு போனாள். அடுத்த தடவை வந்தவளுக்கும் ரெண்டு. அதற்கடுத்து வந்தவளுக்கும் ரெண்டு. வெளியூரில் வேலை பார்க்கும் மகன் போனில் கேட்டபோது, "நல்லா இருக்கேன்பா, நீ சாப்பிட்டியா?" என்றாள்.

ஏன் சொல்லவில்லை என்று அவளைக் கேட்டால் அவளுக்கே சட்டென்று பதில் வராது. ஒன்று மட்டும் உண்டு. புகார் சொல்கிறவர் போனை வைத்த பிறகு என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். "வந்துட்டாருப்பா நம்ம ரெகுலர்" என்று பெண்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். வாயைத் திறந்து குறை சொன்ன எல்லாரையும் பற்றி அந்த ஹாலில் ஏதோ ஒரு கிண்டல் உண்டு. இத்தனை வருஷம் அந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டவளுக்கு, இந்தப் பக்கம் வந்து பேச நாக்கு எழவில்லை. நர்ஸ்கள் அறைக்குள் சிரிப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம், நல்லவேளை, என்னைப் பற்றி இருக்காது என்று நினைத்துக்கொள்வாள். இதில் அவளுக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது.

மூச்சுப் பயிற்சிக்கு ஒரு சாமான் கொடுத்திருந்தார்கள். பிளாஸ்டிக் கூண்டுக்குள் மூன்று பந்து, பக்கத்தில் ஒரு குழல். குழலை வாயில் வைத்து மெதுவாக, ஆழமாக உள்ளே இழுத்தால் பந்துகள் ஒவ்வொன்றாக மேலே எழும்பி நிற்க வேண்டும். நெஞ்சின் அடி வரைக்கும் காற்று போக வேண்டும் என்பதற்குத்தான் அந்த ஏற்பாடு. அவள் இழுத்தாள். முதல் பந்து அசைந்தது, கத்தி திரும்பியது, நிறுத்திவிட்டாள். ஆனால் புகாரம்மா விடுகிற ஆளா! கன்னத்தைக் குழித்துக்கொண்டு, ஜூஸ் குடிக்கிற மாதிரி சட்டென்று ஒரு உறிஞ்சு உறிஞ்சினால், நெஞ்சு அசையாமலே மூன்று பந்தும் ஒரு குதி குதிக்கும் என்று கண்டுபிடித்துவிட்டாள். நர்ஸ் எட்டிப் பார்க்கிற நேரமாகப் பார்த்து ஒரு உறிஞ்சு. மூன்று பந்தும் மேலே. "சூப்பர்ம்மா!" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர், "பாத்தீங்களா, இரும்பு உடம்பு" என்று அடுத்த கட்டில்காரரிடம் ஆரம்பிப்பார்.

அதற்கும் மறுநாள் காய்ச்சல் வந்தது. மூச்சு மேல்மூச்சாக வாங்கியது. எக்ஸ்ரே எடுத்தார்கள். ஆபரேஷன் செய்த டாக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முகத்தைச் சுளித்தார்.

"வலது நுரையீரல் அடியில மூடிக்கிட்டு வருது. காத்தே போகல. இப்படியே விட்டா சளி கட்டி நிமோனியா ஆயிடும், அப்புறம் ஐசியுதான். இவங்க ஆழமா மூச்சு விடணும், நல்லா இருமணும். வலி ரெண்டுதானே போட்டிருக்கு? அப்புறம் ஏன் இரும மாட்டேங்கிறாங்க?"

ஐசியு என்ற சொல் கேட்டதும் கணவர் தன் இடுப்பு வலியையே மறந்துபோனார். "இருமேன்! கொஞ்சம் இருமிட்டா என்ன?" என்று அவளிடமே எரிந்து விழுந்தார். அவள் இருமப் பார்த்தாள். தொண்டையில் கிர்ரென்று ஒரு சத்தம் வந்து நின்றது. முகம் முழுக்க வியர்வை. முதல் முறையாக அவளுக்கும் பயம் வந்தது. படுத்துச் சமாளித்துவிடலாம் என்று நினைத்தது சமாளிக்கிற விஷயம் இல்லையோ என்ற பயம்.

டாக்டர் யாரையோ வரச் சொன்னார். வந்தவளை அங்கே எல்லாரும் வலி சிஸ்டர் என்றார்கள். வார்டு வார்டாகப் போய் ஆபரேஷன் ஆனவர்களின் வலியை மட்டும் பார்ப்பதுதான் அவள் வேலை. அப்படியும் ஒரு வேலை இருக்கிறதா என்று புகாரம்மாவின் கணவர் வாயைப் பிளந்தார். சிஸ்டர் உயரமான, அவசரமே இல்லாத பெண்.

"ரெண்டுதான் சிஸ்டர்," என்று புகாரம்மா முந்திக்கொண்டாள்.

"எனக்கு நம்பர் வேணாம்மா. மூச்சு இழுத்துக் காட்டுங்க."

அவள் குழலை எடுத்தாள். உறிஞ்சினாள். மூன்று பந்தும் குதித்தன. சிஸ்டர் பந்தைப் பார்க்கவே இல்லை. அவள் கண் புகாரம்மாவின் நெஞ்சு மேலேயே இருந்தது.

"கன்னம்தான் உள்ள போகுது. நெஞ்சு அசையவே இல்லையே," என்றாள். குரலில் கோபம் இல்லை. "இப்போ அந்தக் குழலை வச்சிடுங்க. என் கையை உங்க விலா மேல வைக்கிறேன். என் கையைத் தள்ளுங்க, பார்ப்போம்."

கை பட்டதுமே உடம்பு விறைத்துக்கொண்டது. மூச்சு பாதியில் நின்றது. கண்ணில் தண்ணீர் தானாக வழிந்தது. கையும் களவுமாக மாட்டிக்கொண்ட மாதிரி அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சிஸ்டர் பையிலிருந்த புட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பந்து ஒழுங்காகத்தான் சுருங்கியிருந்தது. மருந்து போய்க்கொண்டுதான் இருந்தது. குழாயைத் தடவிக்கொண்டே விலாப் பக்கம் போனாள். கட்டின் ஓரத்தை அழுத்திப் பார்த்தாள். விரல் ஈரமானது. மெத்தை விரிப்பைத் தொட்டுப் பார்த்தாள். அதுவும் ஈரம்.

"இந்த இடம் எப்பவுமே இப்படி ஈரமா இருக்காம்மா?"

"வேர்வைன்னு நெனச்சேன்."

சிஸ்டர் கட்டை மெதுவாகப் பிரித்தாள். குழாயின் நுனி தோலுக்கு வெளியே வந்து, பஞ்சுக்குள் சுருண்டு கிடந்தது. முந்தின நாள் நடக்க எழுப்பியபோதே எங்கோ இழுபட்டு நழுவியிருக்க வேண்டும். அன்றிலிருந்து அந்த அருமையான மருந்து முழுக்க சொட்டுச் சொட்டாகப் பஞ்சுக்கும் மெத்தைக்கும் போயிருக்கிறது. மெத்தை சுகமாக மரத்துக் கிடந்தது. மனுஷிக்கு வெறும் மாத்திரைதான்.

"நீங்க ரெண்டுன்னு சொன்னதால, குழாய் நல்லா வேலை செய்யுதுன்னு நாங்க எல்லாரும் நம்பிட்டோம்," என்றாள் சிஸ்டர். "கட்டைப் பிரிச்சுப் பார்க்காதது எங்க தப்பும்தான். ஆனா சொல்லியிருந்தா அன்னைக்கே பார்த்திருப்போம்மா."

புகாரம்மா ஈரமான விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். மிஷின் ஓடுதுல்லங்க என்று கேட்டு, அடியில் ஒழுகும் தண்ணீரைப் பற்றிப் பேச விடாமல் வாயை அடைத்த குரல் அவளுடையதுதான். இப்போது அதே குரலால் தன் வாயையும் அடைத்துக்கொண்டிருக்கிறாள். அவமானமாக இருந்தது. அதைவிட அதிகமாக வலித்தது.

"சிஸ்டர்," என்றாள். "ரொம்ப வலிக்குது சிஸ்டர். மூச்சு விட முடியல. படுத்திருந்தாலும் வலிக்குது. ரொம்ப நேரமா... ரொம்ப நாளா வலிக்குது."

"அப்படிச் சொல்லுங்க," என்றாள் சிஸ்டர்.

மயக்க மருந்து டாக்டர் ஸ்கேன் மிஷினைத் தள்ளிக்கொண்டு வந்தார். திரையைப் பார்த்துக்கொண்டே புதிதாக ஒரு குழாய் வைத்து, நழுவாமல் பசை போட்டு ஒட்டினார். கொஞ்ச நேரத்தில் விலாவுக்கடியில் இருந்த கத்தி மழுங்கத் தொடங்கியது. முழுக்கப் போய்விடவில்லை. அதையும் டாக்டர் மறைக்கவில்லை.

"வலியே இல்லாம பண்றேன்னு நான் சொல்ல மாட்டேன். அது என்னால முடியாது. இரும விடாத வலி, நடக்க விடாத வலி, அது இருக்கக் கூடாது. அதுக்கு நான் பொறுப்பு. மிச்சம் கொஞ்சம் இருக்கும்."

இப்படிப் பேசுகிற ஆளைப் புகாரம்மா தன் தொழிலில் பார்த்ததே இல்லை. 'கண்டிப்பா சரி பண்ணிடுறோம்' என்றுதான் அங்கே எல்லாரும் சொல்வார்கள். இந்த டாக்டரை அவள் நம்பினாள்.

அப்புறம் சிஸ்டர் இரும வைத்தாள். துண்டு ஒன்றை நாலாக மடித்து, தையல் மேல் வைத்து, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு இரும வேண்டும். அவள் கைக்கு அவ்வளவு பலம் போதாததால், அழுத்திப் பிடிக்கிற வேலை கணவருக்கு வந்தது. எத்தனையோ பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர், அந்தத் துண்டைப் பிடிக்கப் பயந்து பயந்து கையை வைத்தார். "நல்லா அழுத்துங்க சார், உடைஞ்சிட மாட்டாங்க," என்று சிஸ்டர் அதட்டினாள்.

புகாரம்மா மூச்சை இழுத்தாள். நெஞ்சின் அடி வரைக்கும் போயிற்று. இருமினாள். "அய்யோ!" என்று ஒரு அலறல் வந்தது. "அய்யோ வலிக்குதுங்க! வலிக்குது!" வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவள் யாரையும் பார்க்கவில்லை. மறுபடி இழுத்தாள், மறுபடி இருமினாள், மறுபடி அலறினாள். உள்ளே கட்டியிருந்த சளி பெயர்ந்து வந்தது. அன்று முழுக்க அப்படியே போயிற்று. கேட்டு ஊசியும் போட்டுக்கொண்டாள், அதுவும் தானே கூப்பிட்டு. அடுத்த நாள் காய்ச்சல் இறங்கியது. அதற்கடுத்து எடுத்த எக்ஸ்ரேயில் மூடிக்கிடந்த இடம் திறந்துகொண்டு வருகிறது என்று டாக்டர் சொன்னார். ஐசியு பேச்சை யாரும் எடுக்கவில்லை.

கணவர்தான் ஒரு மாதிரியாக இருந்தார். டீ ஆறிப்போயிருந்ததைப் பற்றிக்கூட ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம், பார்க்க வந்தவர்கள் எல்லாம் போன பிறகு, மெதுவாக ஆரம்பித்தார்.

"நீ இப்படிக் கத்தி நான் கேட்டதே இல்ல."

"ம்."

"பையன் பொறந்தப்போ நான் வெளியில பெஞ்சுல உட்கார்ந்திருந்தேன். பக்கத்து ரூம்ல எல்லாம் ஒரே கூப்பாடு. உன் ரூம்ல இருந்து சத்தமே இல்ல. அவளுக்கு சுலபமா ஆயிடுச்சுன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். இன்னைக்கு வரைக்கும் அப்படித்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன்."

'ஆமாங்க, சுலபமாத்தான் ஆச்சு' என்ற பதில் அவள் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அவள் அதைச் சொல்லவில்லை.

"சுலபமா இல்லங்க," என்றாள்.

அவர் அவளைப் பார்த்தார். "ஏன் சொல்லல?"

"நீங்க கேட்கலையே."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பியா?"

அவள் யோசித்தாள். பொய் சொல்ல மனம் வரவில்லை. "மாட்டேன்."

தலையணை உயரம் சரியில்லை என்றே ஒரு நாள் முழுக்கப் பேசக்கூடியவருக்குக் கண் கலங்கியது. அதைத் துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

"இப்போ கேளுங்க," என்றாள் அவள்.

அவர் நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டார். பேச்சுக்கு நடுவில் இருமல் வந்துவிட்டால் என்ன செய்வது என்று, துண்டை எடுத்து மடித்து அவள் விலாவில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"சொல்லு," என்றார். "அன்னைக்கு எப்படி இருந்துச்சு?"